செப்பனிடப் போய்ச் சிதைந்த ஏடுகள்

1938ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, அமெரிக்க நாட்டுப் பத்திரிகைக் கடைகளிற் பத்துச் சதம் விலையிட்ட ஒரு சிறுவர் புத்தகம் விற்பனைக்கு வந்தது. ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ என்பது அதன் பெயர். அது முதலாவது இதழ். நீல உடையும் சிவந்த மேலாடையும் அணிந்த ஒருவன் பச்சை நிற மோட்டார் வண்டியொன்றைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் காட்சி அதன் மேலட்டையை அணிசெய்தது. கிளீவ்லாந்து நகரத்து இளைஞர் இருவர், ஜெரி சீகல் என்பவரும் ஜோ ஷுஸ்டர் என்பவரும், படைத்த ‘சுப்பர்மான்’ என்னும் பாத்திரம் உலகுக்கு அறிமுகமானது அவ்விதழிலேதான். படைத்தவர்களுக்கு அப்பாத்திரத்தின் உரிமைக்காகக் கிடைத்தது 130 டொலர். எண்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், 2024 ஏப்பிரலில், அதே இதழின் பிரதியொன்று ஏலத்தில் 60 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று.

பத்துச் சதத்துத் தாள் இத்துணைப் பெறுமதி அடைந்தபோது மனிதர் உள்ளத்தில் இரண்டு ஆவல்கள் ஒருங்கே பிறந்தன. அதனைக் கண்போலக் காக்கவேண்டும் என்பது ஒன்று. உள்ளதைவிட அழகாகக் காட்டவேண்டும் என்பது மற்றொன்று. முன்னதைப் பேணுதல் என்போம். பின்னதைத் திருத்துதல் என்போம். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு மிக நுண்ணியது. நல்ல நோக்கத்தோடும், சில வேளைகளிற் பொருளாசையோடும், அக்கோட்டைக் கடந்தவர்களின் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில், இப்புத்தகங்கள் ஏன் அருகிப்போயின என்பதை நோக்குவோம். ‘அக்‌ஷன் கொமிக்ஸ்’ முதலாவது இதழ் ஏறத்தாழ 2 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டதென்பர். இன்று எஞ்சியிருப்பவை நூறளவில் என மதிப்பிடுகின்றனர். மற்றவை எங்கே போயின? சிறுவர்கள் அவற்றைச் சுருட்டிக் காற்சட்டைப் பையிற் செருகினார்கள். மாற்றி மாற்றிப் படித்தார்கள். படித்து முடிந்ததும் எறிந்தார்கள். இரண்டாவது உலகப் போர்க் காலத்திற் கழிவுத் தாள் சேர்க்கும் இயக்கங்கள் ஊர்தோறும் நடைபெற்றன. அப்போது கட்டுக்கட்டாகக் கொடுக்கப்பட்டவற்றுள் இவையும் அடங்கும். போர் முடிந்தபின் வேறொரு பகை தோன்றியது. இப்புத்தகங்கள் சிறுவரைக் கெடுப்பன என்ற கூச்சல் எழுந்தது. 1948இல் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்து ஸ்பென்சர் என்னும் ஊரிலும், நியூயோர்க் மாநிலத்து பிங்ஹாம்ரன் என்னும் ஊரிலும் அவை குவித்து எரிக்கப்பட்டன. 1954இல் அமெரிக்க மூதவையின் உபகுழுவொன்று அவைபற்றி விசாரணை நடத்தியது. இத்தனைக்கும் தப்பியவையே இன்று பெட்டகத்துள் வைத்துப் பூட்டப்படுகின்றன.

வெளிப் பகைகள் இவையாக, உட்பகையொன்றும் உண்டு. அது தாளின் உள்ளேயே குடியிருப்பது. பழைய காலத்துத் தாள் கந்தைத் துணியிலிருந்து செய்யப்பட்டது. ஆகையால் நீண்ட ஆயுள் உடையதாயிருந்தது. 1807இல் ஜேர்மனியரான இல்லிக் என்பவர், மை ஊறாதபடி தாளுக்குப் படிகாரமும் மரப்பிசினும் ஊட்டும் முறையை வெளியிட்டார். 1840களில் அந்நாட்டவரான கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் வழியைக் கண்டார். தாள் மலிந்தது, பத்திரிகை பெருகியது, எழுத்தறிவு பரவியது. ஆயினும் அம்மலிவுக்கு ஒரு விலை இருந்தது. படிகாரம் தாளில் அமிலத்தை விளைவித்தது. மரக்கூழில் நீங்காது நின்ற லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறியது. கொமிக்ஸ் புத்தகங்களின் உட்பக்கங்கள் இவ்வகைத் தாளினால் ஆனவை. எனவே, அவை பிறந்த நாளிலேயே தம் முடிவின் வித்தையும் உடன்கொண்டு பிறந்தவை எனலாம்.

இத்தகைய பொருளுக்குச் சந்தை தோன்றியது எவ்வாறு? 1964இல் நியூயோர்க் நகரில் கொமிக்ஸ் அன்பர்களின் மாநாடு கூடியது. 1970இல் ரொபேட் ஓவர்ஸ்ற்றீற் என்பவர் முதலாவது விலை வழிகாட்டியை வெளியிட்டார். அன்றுதொட்டு, ஒரு புத்தகத்தின் விலையை நிருணயிப்பது அதன் அருமை மட்டுமன்று, அதன் நிலையும் ஆகும் என்பது சேகரிப்பாளரிடையே உறுதிப்பட்டது. 2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்திலே தரமிடும் கம்பனியொன்று நிறுவப்பட்டது. புத்தகத்தை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை எனப் புள்ளி வழங்கி, ஒளிபுகும் பிளாஸ்ரிக் உறையில் இட்டு முத்திரையிடுவது அதன் தொழில். நேர்மையற்ற விற்பனையாளரிடமிருந்து வாங்குவோரைக் காக்க இம்முறை உதவியது என்பதை மறுத்தலாகாது. ஆயினும் புள்ளி என்று ஒன்று வந்ததும், அப்புள்ளியை உயர்த்தும் வழிகளும் வந்துவிட்டன. உயர்ந்த தரங்களில் அரைப் புள்ளி வேறுபாடே விலையை இருமடங்காக்க வல்லது. அரைப் புள்ளிக்கு அவ்வளவு பெறுமதி இருக்குமாயின், அதனைத் தேடிச் செல்லாதார் எத்தனைபேர்?

இவ்வாறு பெருகிய தொழிலே ‘அமுக்குதல்’ எனப்படுவது. புகைப்படங்களை அட்டையில் ஒட்டுவதற்கென அமைந்த சூட்டமுக்கி என்னும் பொறி இதற்குப் பயன்படுகிறது. புத்தகத்தை முதலில் ஈரப்பதன் மிகுந்த பெட்டியில் வைத்து மெல்லென நெகிழச் செய்வர். பின்னர், ஒட்டாத தாள்களையும் விறைப்பான அட்டைகளையும் இடையே வைத்துப் பொறியில் இட்டுச் சூடேற்றி அமுக்குவர். வெப்பம் செய்வோருக்குச் செய்வோர் வேறுபடும். பெரும்பாலும் 65 பாகை தொடக்கம் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும். பின்பு சூடு தணியும்வரை பாரத்தின்கீழ் விட்டுவைப்பர். மடங்கிய மூலைகள் நிமிர்கின்றன, குழிவுகள் சமனாகின்றன, அலையலையாய் நெளிந்த பக்கங்கள் தட்டையாகின்றன. சலவைத் தொழிலாளர் கசங்கிய துணியைத் தேய்த்து எடுப்பதுபோன்ற தோற்றம்.

ஆனால் தாள் துணியன்று. அமுக்கும்போது தாளின் உள்ளே நிகழ்வது யாதென அறிந்தாலன்றி அதன் ஆபத்து விளங்காது. தாள் என்பது செலுலோசு இழைகள் ஒன்றோடொன்று பிணைந்த வலை. நீராவி உட்புகும்போது அப்பிணைப்புகள் தளர்கின்றன. வெப்பத்தால் லிக்னின் நெகிழ்கிறது. அந்நிலையில் அமுக்கினால் இழைகள் இடம்பெயர்ந்து புதிய அமைப்பில் உலர்கின்றன. இதுவே மடிப்பு மறையும் இரகசியம். ஆயின், செலுலோசு இழையை அமிலம் துண்டு துண்டாக நறுக்குவதற்கு வேண்டிய துணைகளும் நீரும் வெப்பமுமே ஆகும். அமிலத்தைத் தன்னுள்ளே கொண்ட தாளுக்கு நீரையும் வெப்பத்தையும் கூட்டிக் கொடுப்பது, பகைவன் உள்ளிருக்கும் கோட்டைக்குள் அவனுக்கு ஆயுதம் அனுப்புவது போலாகும். ஒருமுறை, சிறிது நேரம், தேர்ந்த கையால் நிகழ்வது பெருந்தீங்கு விளைக்காதிருக்கலாம். ஒரே புத்தகம் கைமாறுந்தோறும், புள்ளி ஒன்று கூடுமோ என்ற நப்பாசையால் மீண்டும் மீண்டும் பொறிக்குள் செல்லும்போதே தீங்கு சேர்ந்துகொண்டு போகிறது.

கண்ணுக்குத் தெரியும் தீங்குகளும் பல. கொமிக்ஸ் புத்தகத்தின் மேலட்டை வழவழப்பான பூச்சுத் தாள். உட்பக்கங்கள் பஞ்சுபோன்ற பத்திரிகைத் தாள். ஈரத்தை உறிஞ்சும்போதும் உலரும்போதும் இவ்விரண்டும் ஒரே அளவில் விரிவதும் சுருங்குவதும் இல்லை. ஆகையால், முறை தவறி அமுக்கப்பட்ட சில புத்தகங்களில் மேலட்டை சுருங்கி, உட்பக்கங்களின் ஓரம் விசிறிபோல் வெளியே துருத்தி நிற்கக் காண்கிறோம். 2013ஆம் ஆண்டளவில் இத்தகைய பிரதிகள் சில உயர்ந்த புள்ளிகளோடு வெளிவந்தபோது சேகரிப்பாளரிடையே பெருஞ் சர்ச்சை மூண்டது. மடிப்பு மறைந்தது உண்மை; புத்தகத்தின் வடிவமே மாறியதும் உண்மை. குற்றம் ஒன்றை நீக்கப்போய், அச்சகத்தை விட்டு வெளிவந்த நாளில் இல்லாத குற்றம் ஒன்றைப் புகுத்தியாயிற்று.

புத்தகத்தின் முதுகிலுள்ள தைப்புக் கம்பிகள் இன்னொரு நலிவிடம். அவை இரும்பின் இனத்தவை. ஈரப்பதன் பட்டால் துருப்பிடிக்கும். துரு அருகிலுள்ள தாளை அரிக்கும். அமுக்கும் பாரம் கம்பியைத் தாளுக்குள் அழுத்த, மேலட்டை கம்பியின் இருமருங்கும் கிழிந்து விடுபடுதலும் உண்டு. நடுப்பக்கம் கழன்று போதலும் உண்டு. கம்பியின் வடிவம் அடுத்த பக்கங்களில் தழும்பாகப் பதிவதும் உண்டு. முதுகு பசையினால் ஒட்டப்பட்ட தடித்த இதழ்களில், சூடு பசையை இளக்கிப் பின்னர் மொறுமொறுப்பாக்கும். மேலட்டையின் மை மினுக்கம் மாறி, எண்ணெய் தடவியதுபோல் ஒளிரும்; அல்லது எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கனவே உலர்ந்து நொறுங்கும் நிலையிலுள்ள தாளாயின், நிமிர்த்த முயலும் மூலை நிமிராமல் முறிந்தே போகும்.

இத்தனை துன்பத்துக்கும் ஈடாகக் கிடைக்கும் பயனேனும் நிலையானதா எனின், அதுவும் எப்போதும் அன்று. மை உடைந்து வெள்ளை தெரியும் மடிப்பை எந்தப் பொறியாலும் அகற்ற முடியாது. உதிர்ந்த மை உதிர்ந்ததே. மை உடையாத வளைவு நிமிர்ந்தாலும், தாள் தன் பழைய மடிப்பை முற்றாக மறப்பதில்லை. ஈரக் காற்று மீண்டும் படும்போது மறைந்த வளைவு மெல்லத் தலைகாட்டுவதுண்டு. அவ்வேளை புத்தகம் புதியவர் ஒருவரின் கையில் இருக்கும். உறைமேல் எழுதிய புள்ளியோ பழையதாகவே இருக்கும்.

நேயர்களே, இவையெல்லாம் நம் காலத்துப் புதுமை என்று எண்ணலாகாது. பழைய தாளைப் புதிதாக்க முயன்று கெடுத்த கதை இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே குளோரினின் வெளுக்கும் ஆற்றல் அறியப்பட்டது. 1787இல் பிரெஞ்சு இரசாயன அறிஞரான ஷப்தால், அதனைக் கொண்டு கறைபட்ட பழைய அச்சுப் படங்களை வெண்மையாக்கலாம் என எழுதினார். 1846இல் பாரிஸ் நகரத்தவரான பொன்னார்தோ என்பவர், பழைய படங்களையும் அரிய நூல்களையும் செப்பனிடும் முறைபற்றித் தனி நூலே வெளியிட்டார். செல்வர்களின் நூலகங்களுக்காகப் பழைய நூல்கள் பிரிக்கப்பட்டன, கழுவப்பட்டன, வெளுக்கப்பட்டன, அமுக்கப்பட்டுப் புதிய தோலுறை பூண்டன. பனிபோல் வெண்மையான பக்கங்களைக் கண்டு உரிமையாளர் மகிழ்ந்தனர். எஞ்சிய குளோரின் தாளை உள்ளிருந்து தின்னத் தொடங்கியதைப் பின்வந்தோரே கண்டனர். அமுக்கியதால் நேர்ந்த இழப்பு வேறொன்று. பழைய அச்சில், எழுத்து தாளுக்குள் அழுந்திய பள்ளமும் செப்புத் தகட்டின் ஓரம் பதிந்த வரம்பும் அச்சுத் தொழிலின் கைரேகைகள். அவை தட்டையாயின. எந்த அச்சு, எந்தத் தகடு, எத்தனையாவது படி என ஆராய்வோருக்குச் சாட்சி சொல்ல வேண்டியவை ஊமையாயின.

பொருளாசையே இல்லாத அறிஞர்களும் இப்பிழைக்குத் தப்பினாரல்லர். இடைக்காலத்து ஐரோப்பியத் துறவிகள், தோலேடுகள் அருமையாயிருந்தமையால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் வேறு நூல் எழுதினர். அவ்வாறு மறைந்த எழுத்தை வெளிக்கொணர, மாசிக்காய்ச் சாற்றைப் பூசும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பரவியது. வத்திக்கான் நூலகத்தின் அஞ்சலோ மாயி என்பவர் 1819இல், சிசரோ என்னும் உரோமப் பேரறிஞர் அரசியல்பற்றி எழுதி மறைந்துபோன நூலொன்றை இவ்வாறான ஏட்டிலிருந்து மீட்டார். உலகம் வியந்தது. மீட்சி மெய்யானதே, நன்றிக்குரியதே. ஆனால் சாறு பூசிய பக்கங்கள் காலப்போக்கிற் கறுத்தன. வெரோனா நகரில் 1816இல் நீபூர் என்பவர் கண்டெடுத்த காயுஸ் என்பாரின் சட்ட நூலேடு இதனினும் கொடிய இரசாயனங்களுக்கு இலக்காயிற்று. அதனால் மிகவும் சேதமுற்றது. ஒருமுறை வாசிப்பதற்காக, மறுமுறை வாசிக்கும் உரிமையை வருங்காலத்தாரிடமிருந்து பறித்துக்கொண்டதாக முடிந்தது அது. இந்நிலை கண்டு வருந்திய வத்திக்கான் நூலகத் தலைவர் பிரான்ஸ் ஏர்லே, 1898இல் சுவிற்சர்லாந்தின் சென் காலன் நகரிலே பல நாட்டு அறிஞர்களைக் கூட்டினார். பழஞ்சுவடிகளைப் பேணுவதுபற்றி நாடுகள் ஒன்றுகூடி ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் இது முதன்மையானது.

நம் பொருளுக்கு மிக அணித்தான உதாரணம் அமெரிக்காவிலேயே உண்டு. வில்லியம் பரோ என்பவர் வேர்ஜீனியா மாநிலத்தவர், தாளின் அழிவுக்கு அமிலமே பெருங் காரணம் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்ளச் செய்தவர், பெருந்தொண்டர். அவர் 1930களில் ஒரு முறையைக் கையாண்டார். நொறுங்கும் ஆவணத்தின் இருபுறமும் செலுலோசு அசற்றேற்று என்னும் மெல்லிய பிளாஸ்ரிக் படலத்தை வைத்து, கடுஞ் சூட்டில் அமுக்கி ஒன்றாக்கிவிடுவதே அம்முறை. வாஷிங்ரன் தேசிய சுவடிக்கூடமும் இதனையொத்த முறையை ஏற்றது. பிற சுவடிக்கூடங்கள் பலவும் பின்பற்றின. விலைமதிப்பற்ற கடிதங்களும் பதிவேடுகளும் ஆயிரக்கணக்கில் இவ்வாறு பொதியப்பட்டன. அன்றைய அறிவுக்கு அது சிறந்த வழி. ஆனால் அசற்றேற்றுப் படலம் தானே சிதையும் இயல்புடையது. ஆண்டுகள் செல்ல அது சுருங்கியது. காடிபோன்ற புளித்த மணம் கொண்ட அமிலத்தை உமிழ்ந்தது. காப்பாற்ற வந்த உறையே ஆவணத்துக்குக் கேடாயிற்று. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. ஒட்டிய படலத்தைக் கரைத்து அகற்றும் வேலை அடுத்த தலைமுறையின் தலையில் விழுந்தது.

சாக்கடற் கரையில் 1947 தொடக்கம் கண்டெடுக்கப்பட்ட பழஞ்சுருள்களின் கதையும் இத்தகையதே. ஈராயிரம் ஆண்டு குகையிருளிற் கெடாதிருந்த அத்துண்டுகளை, 1950களில் ஜெருசலேம் நகரிலே ஆய்ந்த அறிஞர்கள், சாதாரண ஒட்டுநாடாவினால் இணைத்துக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்தனர். ஒட்டுநாடாவின் பசை தோலினுள் ஊறிக் கறுக்கச் செய்தது. அதனை அகற்றுவதற்கென 1991இல் அங்கே தனி ஆய்வுகூடம் அமைக்கப்பட்டது. ஒரு நிமிடத்தில் ஒட்டியதைப் பிரிக்கப் பல ஆண்டுகள் ஆயின.

இத்தகைய அனுபவங்களிலிருந்து பேணுகைத் துறையினர் சில நெறிகளை வகுத்துக்கொண்டனர். 1967இல் அமெரிக்கப் பேணுகையாளர் ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதிகளில், செய்ததை மீளப் பெறத்தக்கதாகவே செய்ய வேண்டும் என்னும் கொள்கை இடம்பெற்றது. 1966 நவம்பர் 4ஆம் திகதி ஆர்ணோ ஆறு பெருகிப் புளோரன்ஸ் நகரத் தேசிய நூலகத்தைச் சேற்றில் மூழ்கடித்தது. அங்கு பல நாட்டிலிருந்தும் விரைந்து சென்ற நிபுணர்கள் கற்ற பாடமும் அதுவே. இந்நெறிகளைச் சுருக்கிச் சொன்னால் மூன்றாகும்: இயன்றவரை குறைவாகக் கைவை, செய்ததை நீக்கக்கூடியதாகச் செய், செய்ததை மறைக்காது எழுதிவை.

கொமிக்ஸ் அமுக்குதலை இம்மூன்று உரைகற்களிலும் உரைத்துப் பார்ப்போம். அது குறைந்த கைவைப்பா? புத்தகம் நொறுங்கிக்கொண்டிருப்பதனால் அன்று, புள்ளி போதாமையினாலேயே பெரும்பாலும் செய்யப்படுகிறது. ஆகவே தேவையினின்று பிறந்த கைவைப்பு அன்று. மீளப் பெறத்தக்கதா? இழைகள் இடம்பெயர்ந்தபின், கம்பி தாளைக் கிழித்தபின், மேலட்டை சுருங்கியபின், மீட்சி இல்லை. எழுதிவைக்கப்படுகிறதா? இங்கேதான் பெருஞ் சிக்கல் உளது.

நிறம் தீட்டுதல், கிழிசலை ஒட்டுதல், இழந்த துண்டைச் சேர்த்தல் ஆகியவற்றைத் தரமிடும் கம்பனி ‘புதுப்பித்தல்’ என வகுத்து, வேறு நிறச் சீட்டினால் அறிவிக்கிறது. அத்தகைய பிரதியின் விலை பெரிதும் வீழ்கிறது. ஆனால் அமுக்குதலை அவ்வகையிற் சேர்ப்பதில்லை. புறப்பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை. திறம்பட அமுக்கியதைக் கண்டறியவும் இயலாது. ஆகவே அது புதுப்பித்தல் அன்று என்பது அவர்கள் கூறும் நியாயம். கண்டறிய முடியாததைத் தண்டிக்கும் விதி நேர்மையாளனையே தண்டிக்கும் என்ற வாதத்திலும் பொருளுண்டு. ஆயினும் மறுபக்கத்தார், கண்டுபிடிக்க முடியாமை குற்றமின்மை ஆகாது என்கின்றனர். விற்பவன் அறிந்த ஒன்றை வாங்குபவன் அறியாதிருப்பது நியாயமான வாணிபமா என்று வினவுகின்றனர். 2012இல், தரமிடும் கம்பனியின் தாய்க் கம்பனியே டல்லாஸ் நகரத்து அமுக்கும் நிறுவனமொன்றை வாங்கித் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அன்றுதொட்டு அமுக்குபவரும் புள்ளியிடுபவரும் ஒரே குடைக்கீழ் வந்தனர். தொழில் ஒழுங்குபெற்றது என்றனர் சிலர். நடுவரும் ஆட்டக்காரரும் ஒரே வீட்டாராயினர் என்றனர் வேறு சிலர். இரு கூற்றிலும் உண்மையுண்டு.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் இங்கே கருதத்தக்கது. பழைய புத்தகத்தின் கசங்கலும் கறையும் எழுத்துக் குறிகளும் அதன் வாழ்க்கைக் குறிப்புகளாகும். 1939இல் வெளியான ‘மார்வல் கொமிக்ஸ்’ முதலாவது இதழின் பிரதியொன்றிலே, அதற்கு உழைத்த கலைஞர்களுக்குக் கொடுக்கப்பட்ட பணத்தின் விவரம் கையால் எழுதிக் குறிக்கப்பட்டுள்ளது. தூய்மையை மட்டும் நாடும் கண்ணுக்கு அது எழுதிப் பழுதாக்கிய பிரதி. வரலாற்றாசிரியனுக்கோ அது ஒரு தொழிலின் பிறப்புச் சாசனம். 2022இல் அது 24 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அமுக்குவதற்கு முன் அழிப்பான் கொண்டு துடைக்கும் வழக்கமும் உண்டாதலால், கடைக்காரர் பென்சிலாற் குறித்த வருகைத் திகதி போன்ற எளிய சான்றுகள் எத்தனை மறைந்திருக்கும்! மறைந்தவற்றை எண்ணவும் வழியில்லை.

அமுக்கம் எல்லாமே தீயது என்று கூறுவது நம் கருத்தன்று. நூல்நிலையப் பேணுகையாளரும் சுருண்ட ஆவணத்தை விரிக்க ஈரப்பதனையும் பாரத்தையும் கையாள்கின்றனர். ஆனால் அவர்கள் சூட்டைப் பெரும்பாலும் தவிர்த்து, மை கரையுமா, தாள் தாங்குமா எனச் சோதித்து, செய்தவை அனைத்தையும் குறித்துவைத்து, நாட்கணக்கிற் பொறுத்திருந்து செய்கின்றனர். வாசிக்க முடியாததை வாசிக்கச் செய்வது அவர்கள் நோக்கம், விலையை ஏற்றுவதன்று.

பொறுமையின் வல்லமைக்குச் சான்றாகக் கொமிக்ஸ் உலகிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. கொலராடோ மாநிலத்திலே எட்கர் சேர்ச் என்னும் விளம்பர ஓவியர் 1930களிலிருந்து பல ஆண்டுகள் இப்புத்தகங்களை வாங்கி வீட்டிற் சேர்த்துவைத்தார். 1977இல் அவை வெளிவந்தபோது 18,000க்கும் மேற்பட்ட பிரதிகள் இருந்தன. பல பிரதிகளின் பக்கங்கள் நேற்று அச்சிட்டனபோல் வெண்மையாயிருந்தன. எந்தப் பொறியும் அவற்றைத் தொடவில்லை. ஈரமற்ற மலைநாட்டுக் காற்று, இருள், குளிர்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் நேர்ந்த மெல்லிய பாரம் ஆகிய இவையே அவற்றைக் காத்தன. சூட்டமுக்கி சில மணிநேரத்திற் செய்யப் புகுவதை, காலம் நாற்பதாண்டில் தீங்கின்றிச் செய்தது.

இன்னும் ஒரு வரலாறு. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை பொங்கி ஹெர்க்குலேனியம் நகரைப் புதைத்தது. அங்கே ஒரு மாளிகையில் 1752இலும் அதன்பின்னும் கரிந்த நூற்சுருள்கள் கிடைத்தன. அவற்றைப் பிரிக்கும் ஆவலால் சிலவற்றை வெட்டினர். சிலவற்றைப் பொறியால் மெல்லப் பிரித்தனர். 1819இல் பெரும் விஞ்ஞானியான ஹம்பிரி டேவி இரசாயனம் கொண்டும் முயன்றார். சில நூல்கள் வாசிக்கப்பட்டன. பல சுருள்கள் நொறுங்கின. தொடப்படாமல் விடப்பட்ட சுருள்களும் இருந்தன. 2023இல், அவற்றுள் ஒன்றை விரிக்காமலே, ஊடுகதிர்ப் படங்களையும் கணினியையும் கொண்டு, ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லொன்றை வாசித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திற் பல பத்திகளே வெளியாயின. இருநூற்று எழுபது ஆண்டுகளாகக் கைவைக்காது விட்டவர்களின் அடக்கமே அச்சொற்களை நமக்குத் தந்தது.

ஆகவே, பழைய தாள் எதனையும் கையில் வைத்திருப்பவர், அது விலையுயர்ந்த கொமிக்ஸ் ஆயினும் சரி, முன்னோரின் கடிதமாயினும் சரி, திருத்துமுன் ஒரு கேள்வியைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘இதனை இப்போது செய்யாவிட்டால் இது அழியுமா?’ என்பதே அக்கேள்வி. அழியும் எனின், அறிந்தவரை நாடுக. அழியாது எனின், அமிலமற்ற உறையில் இட்டு, ஒளியும் வெப்பமும் ஈரமும் அணுகாது வைத்து, விட்டுவிடுக. விற்பதாயின், முன்பு செய்தவற்றை மறையாது சொல்லுக. வாங்குவதாயின், உறைமேலுள்ள புள்ளியை மட்டும் நோக்காது, உள்ளேயுள்ள புத்தகத்தை நோக்குக.

திருத்தாமல் விட்ட ஏட்டை நாளை வருபவர் நம்மினும் நல்ல கருவிகொண்டு திருத்திக்கொள்வர். திருத்திக் கெடுத்த ஏட்டுக்கோ அந்த நாளை இல்லை.